மூட்டு டாக்டரிடம் நகத்தையும் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மூட்டுவாத நோய்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மூட்டு என்றதும் முழங்கால் வலி, கைவிரல் வீக்கம், காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாத விறைப்பு, இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். இவற்றைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். அதனால் இன்று நகத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மூட்டுவலி என்று என்னிடம் வருகிறவர்களில் சிலர் பல வருடங்களாகச் சொத்தை நகத்தோடு இருந்திருக்கிறார்கள். அந்த நகத்தையும் மூட்டையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நகத்துக்கு ஒரு களிம்பு, மூட்டுக்கு ஒரு வலி மாத்திரை என்று இரண்டு வைத்தியமும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் விரல் மூட்டு அரித்துக் கோணலாகிவிடும். போன மூட்டைப் பழையபடி கொண்டுவர இன்றைக்கும் மருந்து கிடையாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பூ கட்டி விற்கும் ஒரு அம்மா வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. வலது கையில் இரண்டு விரல்களின் கடைசிக் கணு, அதாவது நகத்துக்கு மிக அருகில் இருக்கிற மூட்டு, வீங்கிச் சூடாக இருந்தது. நார் முடிச்சுப் போட முடியவில்லை. கையில் ஒரு கட்டு ரத்தப் பரிசோதனைக் காகிதம். "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு டாக்டர், ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டாங்க, வலி மட்டும் போக மாட்டேங்குது" என்றார். முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். யூரிக் ஆசிட் சரியாக இருந்தது. விரல் நகங்களில் மருதாணி.

"மருதாணி எப்பம்மா வச்சீங்க?"

"எப்பவும் வச்சுக்கிட்டேதான் டாக்டர் இருப்பேன். நகம் பார்க்க நல்லா இருக்காது. பூ வாங்குறவங்க கையைத்தானே பார்க்குறாங்க."

மருதாணி வைத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அப்படியானால் நகத்தின் வேர்ப் பக்கத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் அளவுக்குச் சிவப்பேறாத புது நகம் இருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் கையைத் திருப்பிப் பார்த்தபோது அந்த இடத்தில் குண்டூசி முனை அளவில் குழிகள் தெரிந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒவ்வொரு நகத்திலும் ஏழெட்டு. வீங்கிய கணு இருந்த அதே இரண்டு விரல்களில்தான் குழி அதிகம். உடம்பில் எங்காவது செதில் செதிலாகப் படை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். தலை, காதின் பின்பக்கம், தொப்புள் எல்லாம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. வீட்டில் யாருக்காவது என்றதும், "எங்க அண்ணனுக்கு முழங்கையில ரொம்ப நாளா இருக்கு, சோரியாசிஸ்னு சொன்னாங்க" என்றார்.

அங்கேயே நோய் பிடிபட்டுவிட்டது. அவருக்கு இருந்தது சோரியாசிஸ் மூட்டுவாதம், அதாவது சோரியாசிஸ் என்கிற செதில் படை நோயோடு சேர்ந்த மூட்டு அழற்சி.

எப்படி என்று கேட்கலாம். 2006-ஆம் ஆண்டு வெளியான காஸ்பர் என்ற அளவுகோலை உலகம் முழுவதும் மூட்டு மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். மூட்டில் அழற்சி இருப்பது உறுதியான பிறகு, சில அடையாளங்களுக்குப் புள்ளி போடுவோம். தோலில் இப்போது சோரியாசிஸ் இருந்தால் 2 புள்ளி. இப்போது இல்லாமல் முன்பு இருந்திருந்தாலோ, ரத்த உறவில் யாருக்காவது இருந்தாலோ 1. சோரியாசிஸுக்கு உரிய நக மாற்றத்துக்கு 1. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாக இருந்தால் அதற்கு 1. ஒரு விரல் முழுவதும் வீங்கியிருந்தால் 1, எக்ஸ்-ரேயில் மூட்டின் பக்கத்தில் புது எலும்பு முளைத்திருந்தால் 1. மொத்தம் 3 வந்தால் போதும். இந்த அம்மாவுக்கு நகம் ஒன்று, அண்ணன் ஒன்று, நெகட்டிவ் ரிப்போர்ட் ஒன்று. தோலில் ஒரு பொட்டுப் படைகூட இல்லாமல் மூன்று சேர்ந்துவிட்டது. "ஒன்றும் இல்லை" என்று சொன்ன அந்த ரிப்போர்ட்தான் ஒரு புள்ளியைக் கொடுத்தது. நகத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்னும் பல மாதம் வலி மாத்திரையிலேயே போயிருக்கும்.

மூட்டில் வருகிற நோய்க்கு நகம் ஏன் மாற வேண்டும்? விரலின் முதுகுப் பக்கம் ஒரு தசைநார் ஓடி வருகிறது. விரலை நீட்டுவதே அதுதான். அது கடைசிக் கணுவைத் தாண்டி நுனி எலும்பில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பிலிருந்து நகவேர் ஓரிரு மில்லிமீட்டர் தூரம்தான். தசைநாரின் இழைகள் எலும்போடு நின்றுவிடாமல் நகவேரைச் சுற்றியும் போகின்றன. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மருத்துவர்கள் டெனிஸ் மெகோனகலும் ஐ லின் டானும், கார்டிஃபில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் பெஞ்சமினும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை எம்.ஆர்.ஐ. படத்திலும் திசு ஆய்விலும் விரிவாகக் காட்டினார்கள். சோரியாசிஸ் மூட்டுவாதத்தில் அழற்சி பெரும்பாலும் இப்படித் தசைநார் எலும்பில் பிடிக்கிற இடங்களில்தான் கிளம்புகிறது. குதிகால் வலி வருவதும் அதனால்தான். விரல் நுனியில் அந்த இடம் அழன்றால் பக்கத்திலேயே இருக்கிற நகவேரும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. நகத்தை நாம் தோலோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். விரல் நுனியைப் பொறுத்தவரை அது மூட்டோடும் சேர்ந்ததுதான்.

இனி கண்ணால் பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். டியூப் லைட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் நல்லது. கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் குழிகள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். நகவேரில் மேல் அடுக்கு உருவாகும்போது சில செல்கள் சரியாக முற்றாமல் கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. நகம் வளர்ந்து வெளியே வரும்போது அவை உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடம்தான் குழி. ஒன்றிரண்டு குழி யாருக்கும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கரப்பான் இருப்பவர்களுக்கும், புழுவெட்டு விழுந்து முடி கொட்டுகிறவர்களுக்கும்கூட வரும். பத்து விரல்களிலும் சேர்த்து 20-க்கு மேல் இருந்தால் சோரியாசிஸ் சந்தேகம் பலப்படுகிறது.

நிறம் மாறுவது இன்னொரு அடையாளம். நகத்துக்கு அடியில் இருக்கிற சதையில் அழற்சி வந்தால், நகத்தின் நடுவே மஞ்சளும் செம்பழுப்பும் கலந்து, காகிதத்தில் எண்ணெய் சொட்டியது போல ஒரு திட்டு தெரியும். மருத்துவத்திலும் இதற்கு எண்ணெய்ப் பொட்டு என்றே பெயர். அப்புறம் நகம் நுனியிலிருந்து சதையை விட்டு மெல்லக் கழன்று வரும். கழன்ற பகுதி வெள்ளையாக அல்லது மஞ்சளாக இருக்கும், அதன் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கரை ஓடும். நகத்தின் அடியில் மாவு மாதிரி கெட்டியாகச் சேர்ந்து நகத்தையே தூக்கிவிடுவதும் உண்டு, குறிப்பாகக் கால் கட்டைவிரலில். சோரியாசிஸ் மூட்டுவாதம் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வரைக்கும் நகத்தில் ஏதாவது ஒரு மாற்றம் இருக்கும். சோரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரைக்கும் மூட்டுவாதம் வரலாம். பெரும்பாலும் தோலில் முதலில் வந்து, பல வருடம் கழித்தே மூட்டுக்கு வரும். தோலில் இருப்பவர்களுக்கு நகமும் பாதித்திருந்தால் மூட்டுக்கு வருகிற வாய்ப்பு கூடுதல்.

இது யாருக்கும் ஒட்டாது. இதை நூறு தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், கையால் பரிமாறுகிறவர்கள். நகம் இப்படி ஆன பெண்களைச் சமையலறைப் பக்கம் வர வேண்டாம் என்று சொன்ன வீடுகளை எனக்குத் தெரியும். பந்தியில் தள்ளி உட்காரச் சொன்னதைச் சொல்லி அழுதவர்கள் உண்டு. சோரியாசிஸ் நகத்தில் கிருமி இல்லை. கையைப் பிடித்தாலும், பிசைந்து ஊட்டினாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் அடுத்தவருக்கு வராது.

பிரச்சினை என்னவென்றால், பூஞ்சை தொற்றிய நகமும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். மஞ்சளாகும், தடிக்கும், கழலும், மாவு சேரும். நம் ஊரில் நகம் சொத்தையானாலே பூஞ்சைக் காளான் என்று முடிவு செய்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கிவிடுகிறோம். பூஞ்சை அதிகமாக வருவது கால் நகத்தில், அதுவும் ஒன்றிரண்டு நகத்தில் தொடங்கும். கைவிரல்கள் பலவற்றில் ஒரே நேரத்தில், அதுவும் குழிகளோடு வந்தால் சோரியாசிஸை நினைக்க வேண்டும். ஆனால் பார்த்தே தீர்ப்புச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் இரண்டும் ஒரே நகத்தில் இருக்கலாம். நகத்தைக் கொஞ்சம் வெட்டி, அடியிலிருக்கும் மாவைச் சுரண்டி எடுத்து, பொட்டாஷ் கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். எளிய பரிசோதனைதான், செலவும் அதிகம் இல்லை.

இதைச் செய்யாமல் பூஞ்சை மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நகப் பூஞ்சைக்குக் கொடுக்கிற டெர்பினஃபின் அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கலாம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. இரண்டையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்து, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் டாக்டரிடம் போகும்போது மூட்டு மாத்திரைச் சீட்டையும், மூட்டு டாக்டரிடம் வரும்போது தோல் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, முடக்குவாதத்துக்கு வருவோம். சில ஊர்களில் சரவாங்கி என்பார்கள். இதில் குழிகளும் எண்ணெய்ப் பொட்டும் வழக்கமில்லை. விரலின் கடைசிக் கணுவையும் இது பொதுவாக விட்டுவிடும். மணிக்கட்டு, விரல் அடிக்கணு, நடுக்கணு ஆகியவற்றைத்தான் பிடிக்கும். நகத்தில் நீளவாக்கில் வரிகள் வரலாம், ஆனால் வயதானால் எல்லோருக்கும் அந்த வரிகள் வரும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் தேடிப் பார்ப்பது நகத்தின் ஓரத்தில், தோல் மடிகிற இடத்தில் கடுகளவுக்குக் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று. மிகச் சிறிய ரத்தக்குழாய் அடைபட்டு அந்த இடம் கருகியதால் வருவது அது. அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் பெரிய ஆபத்தில்லை. ஆனால் கூடவே காலில் ஆறாத புண், திடீரென்று பாதம் தொய்ந்து போவது, காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் ரத்தக்குழாய் அழற்சி உடம்புக்குள் பரவியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். நீண்ட நாள் முடக்குவாதம் உள்ளவர்கள், அதிலும் பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள், இந்தப் புள்ளியைக் கவனிக்க வேண்டும்.

முடக்குவாதக்காரர்களுக்கு இன்னொன்றும் நேரும். நகம் வெளுத்து, மெலிந்து, நடுவில் பள்ளமாகிக் கரண்டி மாதிரி குழியும். இது மூட்டு நோயால் நேரடியாக வருவதில்லை. வலி மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டதில் இரைப்பையில் புண் வந்து, கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து, இரும்புச் சத்து வற்றிப்போனதால் வருவது. அத்தகைய நகத்தோடு வருகிறவர்களிடம் மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்கிறேன். சிலர் அப்போதுதான் யோசித்து ஆமாம் என்கிறார்கள்.

எல்லா நகங்களிலும் குறுக்குவாக்கில், ஒரே உயரத்தில் ஒரு பள்ளக்கோடு விழுந்திருந்தால் அது போவின் கோடு. 1846-இல் பிரெஞ்சு மருத்துவர் ஓனோரே போ விவரித்தது. கடுமையான காய்ச்சலோ, மூட்டுவாதம் பெரிதாகக் கிளம்பியதோ, உடம்பை உலுக்கிய எதுவாக இருந்தாலும் அந்தச் சில நாள் நகவேர் வேலையை நிறுத்திவிடும். அதன் தடம்தான் அந்தக் கோடு. நகத்தின் வேர்ப் பக்கத்திலிருந்து கோடு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து மூன்றால் வகுத்தால், எத்தனை மாதத்துக்கு முன்னால் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். 2006-இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் விட்டும் மூட்டுவலி விடாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவர்களிடம் காய்ச்சல் எப்போது வந்தது என்பதை இந்தக் கோட்டை வைத்தும் கணக்குப் போட்டுக் கேட்கலாம். கோடு தானாக வளர்ந்து வெளியேறிவிடும், அதற்கு வைத்தியம் வேண்டாம்.

இதுவரை சொன்னது நோயால் வருவது. மருந்தாலும் நகம் நிறம் மாறும். இதில்தான் பலர் பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். முடக்குவாதத்துக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் நோய்க்கும் நிறையக் கொடுக்கிற ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு நகமும், முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத் தோலும், வாயின் உட்பக்கமும் நீலம் கலந்த சாம்பல் நிறமாகலாம். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. இந்த மருந்துக்காக வருடாவருடம் கண் பரிசோதனை செய்யச் சொல்கிறோம் அல்லவா, அதுதான் முக்கியம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். லூபஸுக்குக் கடுமையான நிலையில் கொடுக்கிற சைக்ளோஃபாஸ்ஃபமைடால் நகத்தில் கறுப்புப் பட்டைகள் வரலாம். முன்பு முடக்குவாதத்துக்குத் தங்க ஊசி போட்ட காலத்தில் நகம் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறியதுண்டு, இப்போது அந்த ஊசியே ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. விசித்திரமான ஒன்றையும் சொல்ல வேண்டும். சோரியாசிஸைக் கட்டுப்படுத்தக் கொடுக்கிற, டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளே, முடக்குவாதத்துக்காகவோ வேறு எதற்காகவோ போட்டுக்கொள்கிற சிலருக்குப் புதிதாகச் சோரியாசிஸை, நகத்தில்கூட, கொண்டுவரலாம். நிறம் மாறினால் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களே மருந்தை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் நகம் வெளுக்க மாதக்கணக்கு ஆகும், மூட்டு சில வாரத்திலேயே கிளம்பிவிடும்.

கறுப்புக் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத்தவர், கறுத்தவர் பலருக்கு நகத்தில் நீளவாக்கில் பழுப்போ கறுப்போ கோடு இருப்பது இயல்பு. பல விரல்களில் இருக்கும், வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். இதற்குக் கவலை வேண்டாம். ஒரே ஒரு நகத்தில், அதுவும் கை கால் கட்டைவிரலில், நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நிறம் நகத்தைத் தாண்டித் தோலிலும் பரவினால் அது புற்றுநோயாக இருக்கலாம். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் இப்படித்தான் மெலனோமா என்ற தோல் புற்றுநோயைக் கண்டுபிடித்தார்கள். கால்பந்து விளையாடியதில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். 1981-இல் 36 வயதில் இறந்துபோனார். மூட்டுவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மருந்தால் வந்த கறுப்பு என்று நினைத்து இதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். குளிரில் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கும். தோல் இறுக ஆரம்பிக்கும். இவர்களுக்கு நகத்தைவிட நகவேர்ப் பக்கம் தோல் மடிகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்துப் பார்த்தால் ரத்த நுண்குழாய்கள் வளைவு வளைவாக வரிசையாகத் தெரியும். தோல் இறுகிப்போகிற ஸ்கிளிரோடெர்மா, தோலிலும் தசையிலும் அழற்சி வருகிற டெர்மட்டோமயோசைட்டிஸ் ஆகிய நோய்களில் சில வளைவுகள் பெருத்து, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாகி இருக்கும். ஸ்கிளிரோடெர்மாவுக்கு 2013-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து போட்ட அளவுகோலில் இதற்கு மட்டும் 2 புள்ளி உண்டு. நோயாளிக்கு வலிக்காது, ஊசி கிடையாது, ஐந்து நிமிட வேலை. நுரையீரல் பாதிப்பதற்கு முன்பே நோயைப் பிடிக்க இது உதவுகிறது.

வைத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு நகம் இரண்டு நகம் மட்டும், மூட்டுக்கு வரவில்லை என்றால் வைட்டமின் டி வகைக் களிம்பும் ஸ்டீராய்டுக் களிம்பும் நகவேர்ப் பக்கம் மாதக்கணக்கில் தடவலாம். மூட்டும் சேர்ந்து பாதித்திருந்தால் களிம்பு போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். வலி மாத்திரை வலியைக் குறைக்கும், நகத்தையும் ஆற்றாது, எலும்பு அரிப்பதையும் நிறுத்தாது. மெத்தோட்ரெக்சேட் பல காலமாக நம் கையில் இருக்கிற, விலை குறைந்த மருந்து. அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்குப் போராடியவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

அதற்கும் கேட்காதவர்களுக்கு அப்ரெமிலாஸ்ட் மாத்திரையும், அடாலிமுமாப், செகுகினுமாப் போன்ற ஊசிகளும் இருக்கின்றன. நகத்தை மிக நன்றாக ஆற்றுவது இந்த ஊசிகள்தான். போடுவதற்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று நம் நாட்டில் கட்டாயம் பார்த்தாக வேண்டும். விலை ஒரு பெரிய தடை. அடாலிமுமாபுக்கு நிகரான மருந்தை உலகிலேயே முதலில் 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் இந்தியாவில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதன் பிறகு விலை இறங்கியது. இன்னும் இறங்க வேண்டும். பூ கட்டி விற்கிற ஒருவர் தன் காசில் வாங்குகிற விலையாக அது இன்னும் ஆகவில்லை. இந்த நோய்களுக்கான ஊசிகள் எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதை இந்த வானொலி வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

எந்த மருந்தாக இருந்தாலும் பொறுமை வேண்டும். ஏற்கெனவே கெட்ட நகம் திரும்பச் சரியாகாது, புது நகம் வளர்ந்து அதைத் தள்ளிவிட வேண்டும். கைவிரலுக்கு ஆறு மாதம், கால் விரலுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். இரண்டு மாதத்தில் பலன் இல்லை என்று டாக்டரை மாற்றுகிறவர்கள் நகவேர்ப் பக்கம் பார்க்க வேண்டும். அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வழவழப்பாக வந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு தடவை, ஒரே ஜன்னல் பக்கம், ஒரே விரலைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதைவிட அந்தப் படங்கள் உங்களுக்குத் தைரியம் கொடுக்கும்.

நகம் வளரும் என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்போது அதிகம். இந்த நகத்துக்கு அது வைத்தியம் இல்லை. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்புக்கான டிரோப்போனின் போன்ற சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டவும் செய்யும். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு முன் அதைச் சாப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது, நகத்தைக் குட்டையாக வெட்டுவது. கழன்ற நகத்துக்கு அடியில் குச்சியோ ஊக்கோ விட்டுச் சுத்தம் செய்யாதீர்கள், அழுத்தமும் காயமும் பட்டால் சோரியாசிஸ் அதே இடத்தில் இன்னும் கிளம்பும். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை. பியூட்டி பார்லரில் நகத்தை ஒட்டிய மெல்லிய தோலை வெட்ட விடாதீர்கள், கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். படுக்கும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் நல்லது. மூட்டுவாத மருந்தில் இருப்பவர்களுக்கு நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து உடம்பில் இருக்கும்போது சீழ் வேகமாகப் பரவும். மருத்துவரிடம் வரும்போது நகப் பூச்சை அழித்துவிட்டு, செருப்பு, ஷூ, சாக்ஸ் கழற்றி இருபது நகத்தையும் காட்டுங்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் நீட்டுங்கள். ரிப்போர்ட்டைப் புரட்டுகிற நேரத்தில் கொஞ்சம் நகத்துக்கும் கொடுக்கச் சொல்லி என் துறைக்காரர்களிடமும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சோரியாசிஸோ சொத்தை நகமோ இருந்து, மூட்டு வலி இல்லாதவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிற விறைப்பு, காலை ஊன்றும்போது குதிகாலில் வலி, கையிலோ காலிலோ ஒரே ஒரு விரல் அடி முதல் நுனி வரை வீங்குவது, பின்னிரவில் எழுப்பிவிடுகிற இடுப்பு வலி, இவற்றில் ஏதாவது ஒன்று தொடங்கினால் சில வாரங்களுக்குள் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். அயர்லாந்தில் 2015-இல் வெளியான ஒரு ஆய்வில், வலி தொடங்கி ஆறு மாதம் தாமதமாக வந்தவர்களுக்கே மூட்டு அரிப்பும் அன்றாட வேலை செய்ய முடியாத சிரமமும் அதிகமாக இருந்தது தெரிந்தது. அந்த ஆறு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.